அம்மாவை டிமென்ஷியா இல்லத்தில் சேர்ப்பதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: அம்மாவுக்கு 77 வயது. அல்சைமர் என்று சொல்லி ஐந்து வருடம் ஆகிறது. ராத்திரி தூங்குவதில்லை. இரண்டு முறை கேட்டைத் திறந்துகொண்டு போய்விட்டார். குளிக்க வைக்கப் போனால் அடிக்கிறார். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். வீட்டுக்கு வந்த மூன்று ஆயாக்களும் நிற்கவில்லை. கோவையிலும் சென்னையிலும் சில டிமென்ஷியா இல்லங்களைப் போய்ப் பார்த்தோம். எல்லோருமே "அன்பா பாத்துக்குவோம்" என்கிறார்கள். எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? சேர்த்த பிறகு நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

"அன்பா பாத்துக்குவோம்" என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அது நிஜமா என்று பார்க்க எளிய வழி, நிமிடக் கணக்கைக் கேட்பது. ஒருவரைக் குளிப்பாட்ட எவ்வளவு நேரம் ஒதுக்குகிறீர்கள்? ஊட்டிவிட எவ்வளவு நேரம்? ராத்திரி 2 மணிக்கு ஒருவர் எழுந்து நடந்தால் அப்போது விழித்திருப்பது யார்?

ஏன் இப்படிக் கேட்கச் சொல்கிறேன் என்றால், நோய் முற்றிய ஒருவருக்கு நிதானமாக ஊட்டினால் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 30 முதல் 45 நிமிடம் ஆகும். ஊட்டிவிட வேண்டிய பத்துப் பேருக்கு இரண்டு ஆயாக்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஐந்து பேர். ஒருவருக்கு 35 நிமிடம் என்றாலும் கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கும்போது மூன்று மணி நேரம் ஓடியிருக்கும். அப்படி எந்த இல்லத்திலும் நடக்காது. ஒரு மணி நேரத்தில் எல்லாத் தட்டும் கழுவப் போய்விடும். அப்படியானால் ஒன்று வாயில் திணித்திருப்பார்கள், இல்லை பாதித் தட்டு திரும்பிப் போயிருக்கும். திணித்தால் புரையேறி நுரையீரலில் சளி கட்டும். பாதித் தட்டு திரும்பினால் எடை குறையும். அந்த ஆயாக்கள் தங்கமானவர்களாகவே இருக்கலாம். ஆனால் அவர்கள் கையில் நேரம் இல்லை.

தேடுவதற்கு முன் ஒன்றைச் சரிபார்த்துவிடுங்கள். தூக்கமின்மையும் அடிப்பதும் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வந்ததா, அல்லது சில நாட்களில் திடீரென்று கூடியதா? அல்சைமர் ஒரே வாரத்தில் ஒருவரை அப்படித் தலைகீழாக்காது. திடீர் மாற்றம் என்றால் பெரும்பாலும் வேறு காரணம் இருக்கும்: யூரின் இன்ஃபெக்‌ஷன், நான்கைந்து நாள் மலச்சிக்கல், உடம்பில் தண்ணீர் வற்றிப்போவது, ரத்தத்தில் சோடியம் குறைவது, மூட்டு வலி, பல் வலி, புதிதாகச் சேர்ந்த ஒரு மாத்திரை. யூரின் டெஸ்ட், சோடியம், சர்க்கரை, கிரியேட்டினின், ஹீமோகுளோபின், தைராய்டு, பி12 இவ்வளவும் பார்த்துவிட்டால் முக்கால்வாசி சந்தேகம் தீரும். வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோங்கள், கடையில் கேட்டு வாங்கிய அவில், சளி மாத்திரை உட்பட. அந்த வகை அலர்ஜி மருந்துகளும், அமிட்ரிப்டிலின் என்ற மனச்சோர்வு மாத்திரையும், சிறுநீர் அடக்கத் தரும் சில மாத்திரைகளும் டிமென்ஷியா உள்ளவரின் குழப்பத்தை இன்னும் கூட்டும். அல்சைமருக்குத் தரும் டோனெபெசில் ராத்திரி போட்டால் சிலருக்குத் தூக்கம் கெட்டுக் கெட்ட கனவு வரும். அப்படியிருந்தால் காலைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள்.

வலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். "எங்கம்மா, வலிக்குதுன்னு சொல்லவே இல்லையே" என்று பிள்ளைகள் சொல்வது சகஜம். அவரால் சொல்ல முடியாது. எழுந்திருக்கும்போது முகம் சுளிப்பது, தொட்டால் கையைத் தட்டிவிடுவது, முனகுவது, மூச்சு இரைப்பது, யார் தேற்றினாலும் அடங்காதது ஆகியவைதான் அவர் வலியைச் சொல்லும் விதம். நார்வேயில் முதியோர் இல்லங்களில் 350-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடத்தி 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், வலிக்கு முறையாக மருந்து கொடுத்ததுமே டிமென்ஷியா உள்ளவர்களின் ஆவேசம் கணிசமாகக் குறைந்தது. அவர்களில் பெரும்பாலானோருக்குக் கொடுத்தது வெறும் பாராசிட்டமால். இல்லத்தில் போய், "வலி இருக்கான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்று கேளுங்கள். "சொன்னா மாத்திரை குடுப்போம்" என்று பதில் வந்தால் அங்கே யாருக்கும் பயிற்சி இல்லை என்று பொருள்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் வீட்டில் சமாளிக்க முடியவில்லை என்றால் இல்லத்தில் சேர்ப்பதில் தவறே இல்லை. ராத்திரி முழுக்க விழித்துவிட்டுக் காலையில் வேலைக்குப் போகும் மகனோ மருமகளோ ஆறு மாதத்துக்கு மேல் பொறுமையாக இருப்பது நடக்காத காரியம். கோபத்தில் கையைப் பிடித்து இழுக்கும் நிலைக்கு வந்துவிட்ட வீட்டைவிட நல்ல இல்லம் மேல்.

எல்லா முதியோர் இல்லமும் டிமென்ஷியா இல்லம் ஆகாது. 2023-ல் வெளியான கணக்கின்படி இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருக்கிறது. அவர்களுக்கென்றே உள்ள படுக்கைகள் சொற்பம். அதனால் சாதாரண முதியோர் இல்லங்களே "டிமென்ஷியாவும் எடுத்துக்கறோம்" என்று போர்டில் ஒரு வரி சேர்த்துக்கொள்கின்றன. என்ன வகையில் பதிவு செய்திருக்கிறார்கள் என்று கேட்டு, பதிவுச் சான்றின் நகலையும் காலாவதித் தேதியையும் பாருங்கள். எங்கே தேடுவது என்று தெரியாவிட்டால் சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனத்தின் டிமென்ஷியா பிரிவையோ, ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. என்ற அல்சைமர் சங்கத்தின் கிளையையோ அணுகலாம். முதியோருக்கான அரசு உதவி எண் 14567.

இல்லத்துக்கு இரண்டு முறை போங்கள். ஒரு முறை காலைச் சாப்பாட்டு நேரம், மறு முறை சாயங்காலம் ஐந்தரை மணி. பதினோரு மணிக்குப் போனால் எந்த இல்லமும் நன்றாகத்தான் இருக்கும். எல்லோரும் குளித்துத் தலை வாரி உட்கார்ந்திருப்பார்கள்.

உள்ளே நுழைந்ததும் மூக்குதான் முதலில் வேலை செய்யும். ஓர் அறையில் மட்டும் மூத்திர வாடை வந்தால், யாரோ இப்போதுதான் நனைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கூடம் முழுக்க வாடை என்றால் அது மெத்தையில் ஊறிப்போனது. வாடையே இல்லாமல் ஃபினாயில் மட்டும் தூக்கலாக அடித்தால் நீங்கள் வருவது தெரிந்திருக்கிறது. பிறகு நகங்களைப் பாருங்கள். மூக்குக் கண்ணாடி துடைத்திருக்கிறதா, பல்செட் வாயில் இருக்கிறதா, காது மிஷின் காதில் இருக்கிறதா, பெட்டியில் தூங்குகிறதா? கண்ணும் காதும் மங்கினால் டிமென்ஷியா இரண்டு மடங்கு தெரியும். எத்தனை பேர் டிவிக்கு முன்னால் தலை தொங்கி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். பகல் வேளையில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தால் மருந்து கூடுதலாகப் போகிறது என்று சந்தேகப்படலாம்.

மேனேஜரிடம் பேசுவதைவிட ஓர் ஆயாவிடம் பேசுங்கள். ஏதாவது ஒரு பாட்டியைக் காட்டி, "இவங்க முன்னாடி என்ன வேலை பாத்தாங்க?" என்று கேளுங்கள். "டீச்சரம்மா. கணக்கு. சாக்பீஸ் குடுத்தா சந்தோசமாயிடுவாங்க" என்று வந்தால் அந்த இல்லத்தைக் குறித்துவைத்துக்கொள்ளலாம். "தெரியலீங்க, அஞ்சாம் நம்பர் பெட்" என்று வந்தால் அதையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

மொழியை யாரும் கேட்பதில்லை. அவசியம் கேளுங்கள். தமிழ்நாட்டில் பல இல்லங்களில் இப்போது ஒடிசா, ஜார்க்கண்ட், வடகிழக்கிலிருந்து வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். மனசு நல்ல பிள்ளைகள்தான். ஆனால் தமிழ் பத்து வார்த்தைதான் தெரியும். நோய் கூடக்கூட பின்னால் கற்ற மொழி முதலில் கழன்றுபோகும். சிறு வயதில் வீட்டில் பேசிய மொழிதான் கடைசிவரை நிற்கும். நாற்பது வருடம் சரளமாக இங்கிலீஷ் பேசிய அம்மா இனித் தமிழ் மட்டுமே பேசலாம். வீட்டில் தெலுங்கோ சௌராஷ்டிரமோ பேசி வளர்ந்தவராக இருந்தால் தமிழே பிடிபடாமல் போகலாம். ஒவ்வொரு ஷிஃப்டிலும் அவர் மொழி தெரிந்த ஓர் ஆளாவது இருக்க வேண்டும், குறிப்பாக ராத்திரியில்.

ஆள் கணக்குக்கு நான் வைத்திருக்கும் அளவு: நடமாடிக்கொண்டு, சொன்னால் சாப்பிடும் நிலையில் உள்ளவர்களுக்குப் பகலில் நான்கைந்து பேருக்கு ஒருவர். எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டியவர்களுக்கு இரண்டு மூன்று பேருக்கு ஒருவர். ராத்திரி எத்தனை சிறிய இல்லமானாலும் விழித்திருக்கும் ஆட்கள் இரண்டு பேர். ஒருவர் மட்டும் இருந்தால், கீழே விழுந்தவரைத் தூக்கவே முடியாது. "நைட்ல ஆள் இருக்காங்க" என்பதும் "விழிச்சிருக்காங்க" என்பதும் வேறு வேறு. வராந்தாவில் பாய் விரித்துப் படுப்பவர் கணக்கில் சேர மாட்டார். சமையல்காரரையும் வாட்ச்மேனையும் சேர்த்து எண்ணிச் சொல்வார்கள், கழித்துவிட்டு எண்ணுங்கள்.

உங்கள் அம்மா கேட்டைத் திறந்து போகிறவர். அதனால் பூட்டைப் பார்ப்பீர்கள். பூட்டு இருக்கட்டும், அவர் நடக்க இடம் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். நடப்பவர் நடந்தாக வேண்டும். முட்டுச்சந்து இல்லாத, சுற்றி வந்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருகிற நடைபாதை இருந்தால் ஒருநாளில் பத்து முறை சுற்றிவிட்டுச் சோர்ந்து உட்காருவார். வெளிக்கதவுக்குச் சுவரின் நிறத்தையே அடித்து, தாழ்ப்பாளைக் கண்ணுக்குப் படாத உயரத்தில் வைத்தால் அந்தப் பக்கம் போகும் எண்ணமே குறையும். கழிவறைக் கதவுக்கு நேர்மாறாகப் பளிச்சென்று வேறு நிறம், கூடவே படம். நெதர்லாந்தில் வேஸ்ப் என்ற ஊரில் ஹோகவெய்க் என்று டிமென்ஷியா உள்ளவர்களுக்காகவே ஒரு குட்டிக் கிராமம் கட்டியிருக்கிறார்கள். கடை, தெரு, தோட்டம் எல்லாம் உள்ளே, வெளிவாசல் மட்டும் காவலோடு. அந்த அளவுக்கு இங்கே எதிர்பார்க்க முடியாது. ஒரு மரம், அதைச் சுற்றி ஒரு பாதை, உட்கார ஒரு திண்ணை. இது முடியும்.

கட்டிப்போடுவார்களா என்று நேராகவே கேளுங்கள். "ரொம்ப அவசியம்னா துணியால லேசா" என்ற பதில் வந்தால் எழுந்து வந்துவிடலாம். நாற்காலியின் குறுக்கே மேஜையைப் பூட்டுவதும், ஆழமான சோஃபாவில் எழ முடியாமல் உட்கார வைப்பதும்கூடக் கட்டிப்போடுவதுதான். கட்டிலுக்குத் தடுப்புக் கம்பி பாதுகாப்பு என்று தோன்றும். தாண்டிக் குதிக்கத் தெம்புள்ளவருக்கு அது ஆபத்து. விழும் உயரம் கூடுகிறது. தரையோடு ஒட்டிய தாழ்வான கட்டிலும் பக்கத்தில் ஒரு மெத்தையும் போதும்.

இனி அந்தக் குளியல். உங்கள் அம்மா அடிப்பது அங்கே போனாலும் நிற்காது, முறை மாறினால் தவிர. அவர் பக்கத்திலிருந்து பாருங்கள்: யாரென்றே தெரியாத ஒருத்தி சேலையை உருவுகிறாள், குளிர்கிறது, திடீரென்று தலையில் தண்ணீர் கொட்டுகிறது, கண்ணில் சோப்பு. யாராயிருந்தாலும் கையை ஓங்குவார்கள்.

சரியாகச் செய்கிற இடத்தில் இப்படி இருக்கும். குளியலறையை முன்பே தயார் செய்துவிடுவார்கள்: மின்விசிறி நிறுத்தம், ஜன்னல் சாத்தியிருக்கும், காலில் ரப்பர் புஷ் போட்ட கைவைத்த நாற்காலி, வெதுவெதுப்பான தண்ணீர் இரண்டு வாளி, துண்டு மூன்று. உள்ளே போனபின் சோப்பைத் தேடி ஓடினால் ஆட்டம் முடிந்தது. கண்ணாடி இருந்தால் துணி போட்டு மூடியிருக்கும், ஏனென்றால் அதில் தெரியும் கிழவி யாரென்று அவருக்குத் தெரியாது. பாவாடையை நெஞ்சுக்கு மேல் ஏற்றிக் கட்டிவிடுவார்கள். கிணற்றடியிலும் ஆற்றிலும் குளித்த தலைமுறைக்கு அது பழகிய கோலம்; கூச்சமும் குளிரும் பாதி போய்விடும். மக்கை முதலில் அவர் கையில் கொடுத்து, "கால்ல ஊத்துங்கம்மா" என்பார்கள். கைக்குப் பழக்கம் நினைவிருக்கும். எல்லாம் மறந்துபோனவருக்கும் கை தானாகவே ஊற்றும். பாதம், முழங்கால், கை, முதுகு என்று கீழிருந்து மேலே. அடுத்து எதைத் தொடப்போகிறோம் என்று ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுத் தொடுவது. முகத்துக்கு ஈரத்துணி. தலைக்குத் தனி நாள், எண்ணெய் தேய்ப்பது அவருக்குப் பிடிக்கும் என்றால் அதையே சாக்காக வைத்து. அடிக்க ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்தி, துண்டைப் போர்த்தி, இருபது நிமிடம் கழித்து வேறொருவர் வந்து அழைப்பார். துவட்டி உடுத்தி முடிக்க 30 முதல் 40 நிமிடம்.

தினமும் முழுக்குளியல் வேண்டும் என்று இல்லத்தை நெருக்காதீர்கள். நம் ஊரில் குளிக்காத நாள் என்றால் ஏதோ குற்றம் நடந்த மாதிரி பார்ப்போம். எதிர்ப்பு இருப்பவருக்கு வாரம் இரண்டு மூன்று முழுக்குளியலும், மற்ற நாட்களில் முகம், அக்குள், மார்புக்குக் கீழே, தொடையிடுக்கு, பாதம் இவற்றைத் துடைத்து ஈரம் போக ஒற்றி எடுப்பதும் போதும். தினமும் குளிப்பாட்டியே தீர வேண்டும் என்று குடும்பம் அடம்பிடித்தால் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு குளிப்பாட்டுவார்கள்.

உடை விஷயமும் இதையொட்டியதுதான். நைட்டி வேலையைச் சுலபமாக்கும். ஆனால் அறுபது வருடம் சேலை கட்டியவர் நைட்டியில் மார்பை மூட எதையோ தேடிக்கொண்டே இருப்பார், கையில் கிடைத்த பெட்ஷீட்டை இழுத்துப் போர்த்துவார். அதை "அமைதியில்லாமல் இருக்கிறார்" என்று நோட்டில் எழுதுவார்கள். தோளில் ஒரு மெல்லிய துண்டைப் போட்டுவிட்டால் அந்தத் தேடல் அடங்கும்.

சாப்பாட்டில் பலருக்குத் தெரியாதது, அவருக்குத் தட்டு தெரிகிறதா என்பது. வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு அவர் கண்ணுக்குக் காலித் தட்டு. எவர்சில்வர் தட்டு ட்யூப்லைட்டில் மின்னும். வாழையிலையோ அடர்ந்த நிறத் தட்டோ இருந்தால் சோறு தனியாகத் தெரியும். பலர் தானாகவே கை வைப்பார்கள். கையால் சாப்பிட முடிகிறவரை ஸ்பூனைக் கொண்டுவரக் கூடாது. சிந்தட்டும். இட்லியைத் துண்டாக்கி, பணியாரம், வாழைப்பழத் துண்டு, வேகவைத்த சர்க்கரைவள்ளி என்று எடுத்து வாயில் போடக்கூடியதாகக் கொடுத்தால் நடந்துகொண்டே சாப்பிடுகிறவரும் சாப்பிடுவார்.

விழுங்குவதில் சிரமம் வந்தபின் கதை மாறும். சாப்பிடும்போது இருமல், சாப்பிட்டபின் குரல் ஈரமாகக் கரகரப்பது, கன்னத்தில் சோறு அடக்கிவைப்பது ஆகியவை அடையாளங்கள். அப்போது மிக ஆபத்தானது தண்ணீராக ஓடுவதும், ஓடுவதும் கட்டியும் கலந்ததும். நாம் நோயாளிக்கு முதலில் கொடுக்கும் ரசம் சாதம் இரண்டாவது வகை: ரசம் முன்னால் ஓடித் தொண்டையில் இறங்கும், சோறு வாயில் நிற்கும். குழைய மசித்த தயிர்சாதம், மிளகு முந்திரி இல்லாத பொங்கல், ஸ்பூனைச் சாய்த்தால் மெதுவாக வழியும் பதத்தில் கேழ்வரகுக் கஞ்சி ஆகியவை பாதுகாப்பு. நிமிர்ந்து உட்கார்ந்து, தாடை சற்றுத் தாழ்ந்து, ஒரு வாய்க்கு ஒரு டீஸ்பூன், விழுங்கியது தொண்டையில் தெரிந்தபின் அடுத்தது. ஊட்டுபவர் நின்றுகொண்டு ஊட்டினால் தலை அண்ணாந்துவிடும். உட்கார்ந்துதான் ஊட்ட வேண்டும். முடித்தபின் அரை மணி நேரம் படுக்க விடக்கூடாது. நீங்கள் காலை வேளையில் போய்ப் பார்க்கும்போது இந்த ஒன்றை மட்டும் பாருங்கள்: ஊட்டுபவர் நிற்கிறாரா, உட்கார்ந்திருக்கிறாரா.

சாப்பாடு குறைந்ததும் மூக்கில் குழாய் போடலாம் என்பார்கள். திடீர் நோயில் சில நாட்களுக்கு என்றால் வேறு. முற்றிய டிமென்ஷியாவில் குழாய் ஆயுளைக் கூட்டுவதாகவோ புரையேறுவதைத் தடுப்பதாகவோ ஆதாரம் இல்லை. அவர் குழாயைப் பிடுங்குவார், பிடுங்காமலிருக்கக் கையைக் கட்டுவார்கள். மருத்துவ வழிகாட்டிகள் சொல்வது கையால், அவர் ஏற்கும் அளவு ஊட்டுவதைத்தான். எடையை மாதம் ஒருமுறை பார்த்து எழுதச் சொல்லுங்கள். 50 கிலோ இருந்தவர் ஒரே மாதத்தில் இரண்டரைக் கிலோ இறங்கினால், அதாவது 5 சதவீதம், காரணம் தேட வேண்டும்.

சாயங்காலம் ஐந்தரைக்குப் போகச் சொன்னதன் காரணம் வேறு. வெளிச்சம் மங்கும் நேரத்தில்தான் பலருக்குத் தவிப்பு கூடும். "நான் வீட்டுக்குப் போகணும், புள்ளைங்க ஸ்கூல்லருந்து வந்திரும்" என்று பையைத் தூக்குவார்கள். அதே நேரம் இல்லத்தில் ஷிஃப்ட் மாறும், டிவியில் யாராவது கத்திக்கொண்டிருப்பார்கள். நல்ல இல்லத்தில் நான்கு மணிக்கே காபியும் சுண்டலோ பிஸ்கட்டோ கொடுத்து, நிழல் விழுமுன் எல்லா விளக்கையும் போட்டு, டிவியை நிறுத்தியிருப்பார்கள். சாமி விளக்கு ஏற்றுவது, பூக்கட்டுவது, வெண்டைக்காய் துடைப்பது என்று கைக்கு வேலை இருக்கும். "இதுதான் உங்க வீடு" என்று வாதாடுவது உதவாது. அவர் கேட்பது செங்கல் கட்டின வீட்டை அல்ல. "உங்க வீடு எங்க இருக்கு? கிணறு இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே கூட ஒரு சுற்று நடந்தால் தவிப்பு தணியும். முதலில் பாத்ரூம் போக வேண்டுமா, பசியா, வலியா என்று பார்த்துவிட வேண்டும். பாதி நேரம் விஷயம் அதுதான். அப்பா இறந்தது நினைவில்லாமல் அவர் எங்கே என்று கேட்டால், ஒவ்வொரு முறையும் "செத்துட்டாரும்மா" என்பது ஒவ்வொரு முறையும் புது இழவு. "அவருக்கு என்ன குழம்பு பிடிக்கும்?" என்று பேச்சை அவரைப் பற்றியே திருப்பலாம்.

மருந்து. தூங்க வைக்கவும் அடக்கவும் குவெட்டியாபின், ரிஸ்பெரிடோன், ஹாலோபெரிடால் வகை மாத்திரைகள் கொடுப்பார்கள். டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு இவை மரண அபாயத்தை ஏறக்குறைய 1.6 மடங்கு கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துத் துறை 2005-லேயே கடும் எச்சரிக்கை விடுத்தது; ஹாலோபெரிடால் போன்ற பழைய மருந்துகளுக்கும் 2008-ல் அதே எச்சரிக்கை வந்தது. அதற்காக ஒருபோதும் கூடாது என்றில்லை. தனக்கோ பிறருக்கோ காயம் விளைவிக்கும் ஆவேசத்துக்கு, மற்ற வழிகள் பலிக்காதபோது, குறைந்த அளவில், சில வாரங்களுக்கு, தேதி குறித்து மறுபரிசீலனையோடு கொடுக்கலாம். லூயி பாடி வகை டிமென்ஷியா என்றால் ஹாலோபெரிடால் கூடவே கூடாது. உடம்பு மரக்கட்டையாகிவிடும், உயிருக்கே ஆபத்து. ஒப்பந்தத்தில் இப்படி எழுதி வாங்குங்கள்: மனநல மாத்திரை எதைத் தொடங்கினாலும், அளவைக் கூட்டினாலும், அன்றே உங்களுக்குப் போன் வர வேண்டும்.

சேர்ப்பதற்கு முன் முடிந்தால் இரண்டு வாரம் தற்காலிகமாகத் தங்க வைத்துப் பாருங்கள். சேர்க்கும் நாள் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, பத்துப் பதினோரு மணி. சாயங்காலம் வேண்டாம். அவருடைய தலையணை, பழைய போர்வை (துவைக்காமல், வீட்டு வாசனையோடு), சாமி படம், காபி குடிக்கும் அதே டம்ளர் டபரா முதலிலேயே அறைக்குப் போய்ச் சேர்ந்திருக்கட்டும். கட்டிலின் எந்தப் பக்கம் இறங்குவாரோ அந்தப் பக்கம் சுவர் இருக்கக் கூடாது. கழிவறைக் கதவு படுக்கையிலிருந்து தெரிய வேண்டும். விடைபெறும்போது கட்டிப்பிடித்து அழாதீர்கள். மதியச் சாப்பாட்டில் அவர் உட்காரும் நேரத்தில், "வேலையை முடிச்சிட்டு வரேன்மா" என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

சில இல்லங்களில் முதல் பதினைந்து நாள் பார்க்க வரக் கூடாது என்பார்கள். பழகிவிடுவார் என்பது காரணம். எல்லோருக்கும் இதை விதியாக வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. உங்களைப் பார்த்ததும் அமைதியாகிறவரை ஏன் தவிக்கவிட வேண்டும்? நீங்கள் கிளம்பும்போதுதான் தவிப்பு என்றால், கிளம்பும் விதத்தையும் நேரத்தையும் மாற்றிப் பார்க்கலாம்.

அவரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி லேமினேட் செய்து கொடுங்கள். வியாதிப் பட்டியல் அல்ல. எப்படிக் கூப்பிட்டால் திரும்புவார், காபியில் எத்தனை ஸ்பூன் சர்க்கரை, எத்தனை மணிக்கு எழுவார், வெந்நீரா பச்சைத்தண்ணீரா, எந்தக் கோயில், எந்தப் பாட்டு, எதற்குப் பயம் (நாயா, இருட்டா, இடியா), யார் யார் இறந்துவிட்டார்கள், பாத்ரூம் வந்தால் என்ன செய்வார். கடைசியது மிக உபயோகம். சேலைத் தலைப்பை முறுக்குவார், எழுந்து எழுந்து உட்காருவார் என்று தெரிந்தால் ஆயா அந்த நொடியே அழைத்துப் போய்விடலாம். தெரியாவிட்டால் டயப்பர்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் காலைக் காபிக்குப் பிறகு இருபது நிமிடம் கழித்தும் கூட்டிப்போனால் பலருக்குப் பகலில் டயப்பரே வேண்டியிருக்காது.

பார்க்கப் போகும்போது குதிகாலையும் இடுப்புக்குக் கீழே தண்டுவட முனையையும் பாருங்கள். அங்கே சிவந்து, விரலால் அழுத்தினாலும் வெளுக்காமல் இருந்தால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும். அந்த நோட்டைக் கேளுங்கள். ஒரு மாதம் முழுக்க ஒரே பேனா, ஒரே கையெழுத்தில் 2, 4, 6, 8 என்று வரிசையாக இருந்தால் கடைசி நாள் உட்கார்ந்து எழுதியது.

பணத்தில் மாதக் கட்டணத்தைவிட "தனி" என்று வருவதைப் பாருங்கள். டயப்பர் (ஒருநாளைக்கு நான்கு என்றால் மாதம் 120), டாக்டர் வருகை, பிசியோதெரபி, ஆஸ்பத்திரியில் சேர்த்தால் கூட இருக்கும் ஆளுக்குக் கூலி, ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களுக்கு அறை வாடகை. அட்வான்ஸ் எப்போது, எவ்வளவு பிடித்துத் திரும்பும் என்பது எழுத்தில் வேண்டும். நோய் முற்றினால் வைத்திருப்பார்களா, வெளியே அனுப்புவார்களா என்பதும்.

காகித வேலையில் ஒரு பொறி இருக்கிறது. அம்மா எப்போதோ எழுதிக்கொடுத்த பவர் ஆஃப் அட்டர்னி கையில் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 201-வது பிரிவுப்படி, எழுதிக்கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் அது முடிந்துபோகிறது. அவர் பெயரில் உள்ள வீட்டை விற்கவோ டெபாசிட்டை உடைக்கவோ பாதுகாவலராக நியமிக்கக் கோரி நீதிமன்றம் போக வேண்டியிருக்கும். வக்கீலை இப்போதே பாருங்கள். பென்ஷன் வருகிறதென்றால் வருடாந்திர உயிர்வாழ்வுச் சான்றுக்கு அவரை வரிசையில் நிறுத்த வேண்டாம். ஜீவன் பிரமாண் என்ற அரசின் டிஜிட்டல் சான்று சேவையில் முகத்தை வைத்தே போனில் பதிவு செய்யலாம். தேய்ந்த கைரேகை படவில்லை என்ற தொல்லையும் இல்லை. இல்லத்துக்கு வந்து, காலையில் அவர் தெளிவாக இருக்கும் நேரத்தில், ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார வைத்து எடுங்கள்.